பச்சிளங் குழவியின் உணவுப் பெட்டியில் தமிழுக்கு இடமில்லையா?

திண்டுக்கல் நகரின் மருந்துக் கடைகளில் குழவிகளுக்குரிய பால்மாப் பெட்டிகள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டுள்ளன. அவற்றை வாங்குவோர் யாவர்? வேடசந்தூர்ப் பக்கத்துப் பஞ்சாலைகளுக்கு விடியுமுன் வண்டியேறும் இளந்தாயர். நிலக்கோட்டைப் பூந்தோட்டங்களில் இருள் பிரியுமுன்னே மல்லிகை பறிக்கக் குனியும் பெண்கள். அவர்கள் விட்டுச் சென்ற மகவை மடியிலிட்டு வளர்க்கும் பாட்டியர். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டிப் பெட்டியை வாங்கிய பாட்டி அதனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். ஒருபுறம் ஆங்கிலம், மறுபுறம் இந்தி. ஐந்தாம் வகுப்புவரை படித்துத் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்க வல்ல அவளுக்கு அப் பெட்டியில் விளங்குவன எண்கள் மட்டுமே. எதற்குரிய எண்கள் என்பதும் அவளுக்கு விளங்காது. கடைப்பையன் வாய்ச்சொல்லாகச் சொல்லியனுப்புவதே அவளுக்குரிய செயல்முறை விளக்கம்; அந்தப் பையனும் பெட்டியைப் படித்துவிட்டுச் சொல்கிறானா என்பது வேறு கேள்வி.

இவ்வளவுக்கும் இந்தப் பெட்டியைப் போலச் சட்டக் காவல் மிகுந்த உணவுப் பெட்டி வேறொன்று இல்லை. அச் சட்டம் எளிதில் வந்ததுமன்று. ஏழை நாடுகளில் பால்மா நிறுவனங்கள் நடத்திய விற்பனைச் சூதுகளைப் பிரித்தானிய அறக்கட்டளை ஒன்று 1974இல் 'குழந்தைக் கொலையாளி' என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக வெளியிட்டது. 1977இல் அமெரிக்காவில் நெசுலே நிறுவனத்தின் பொருள்களை வாங்காப் போராட்டம் தொடங்கிற்று. 1981ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் உலக நலப் பேரவை தாய்ப்பால் மாற்றுணவு விற்பனைக்கான பன்னாட்டு நெறியை நிறைவேற்றியது. ஏற்றவை 118 நாடுகள். எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே. தமிழ் இதழ்களில் கொழுகொழுவென்ற குழந்தைப் படத்தோடு மாவு விளம்பரங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. விளம்பரத்துக்கு மட்டும் அந் நிறுவனங்கள் தமிழை மறக்கவேயில்லை என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

அந் நெறியின் வழியே 1992இல் இந்திய நாடாளுமன்றம் குழவிப்பால் மாற்றுகள், பால்புட்டிகள், குழவி உணவுகள் பற்றிய சட்டத்தை இயற்றிற்று. 1993 ஆகத்து முதல் நாள் அது செயலுக்கு வந்தது. 2003இல் திருத்தி மேலும் இறுக்கப்பட்டது. விளம்பரம் கூடாது; இலவயப் பொட்டலம் கூடாது; மருத்துவமனைக்குள் விற்பனையாளர் நுழைந்து தாயரை மயக்கல் கூடாது. மீறினால் சிறையும் உண்டு. உள்ளிருக்கும் பொருளின் அளவும் விதிகளாற் கட்டப்பட்டது. எடுத்துக்காட்டாக, பாலும் கூலமும் சேர்ந்த துணையுணவில் 100 கிராமுக்குப் புரதம் 12 கிராமுக்கும் கொழுப்பு 7.5 கிராமுக்கும் குறையக்கூடாது என 2011ஆம் ஆண்டின் உணவுத்தர விதிகள் வரையறுத்தன. உயிர்ச்சத்துகளுக்கும் இரும்புக்கும் தனித்தனி அளவுகள் குறிக்கப்பட்டன.

அடுத்து, பெட்டியின் முகப்புச் சீட்டு. இங்கேதான் சட்டம் தன் முழு ஆற்றலையும் காட்டுகிறது. தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது என்னும் தொடர், 5 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில், பெட்டியின் நடுப்பகுதியில், பின்னணியினின்று வேறுபட்டுத் தெரியும் நிறத்தில் அச்சிடப்பட வேண்டும். நலப் பணியாளரின் அறிவுரையின் பேரிலேயே இதனைக் கொடுக்க வேண்டும் என்று எழுத வேண்டும். கலத்தையும் புட்டியையும் துப்புரவாக்கும் முறை, கலக்கும் முறை, எஞ்சியதைக் கொட்டிவிடும்படி அறிவுரை, அளவுக் கரண்டி கொள்ளும் எடை, அதனைத் தலைதட்டி அளப்பதா குவித்து அளப்பதா என்னும் குறிப்பு, கரண்டியின் எண்ணிக்கை குறைந்தால் குழந்தைக்கு ஊட்டம் போதாது, கூடினால் நீர் போதாது என்னும் எச்சரிக்கை இத்தனையும் இருந்தாக வேண்டும். குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருத்தல் கூடாது. தாய்ப்பாலுக்கு நிகராக்கப்பட்டது என்னும் பொருள்தரும் சொற்களும் கூடா.

படித்துப் பார்ப்பவர் இவ்விதிகளை வகுத்தோரைப் பாராட்டவே செய்வர். ஆனால் இவை எந்த மொழியில் இருக்க வேண்டும்?

1992ஆம் ஆண்டுச் சட்டம், தெளிவாகவும், கண்ணிற் படும்படியும், எளிதிற் படித்துப் புரிந்துகொள்ளும் வகையிலும் இருக்க வேண்டும் என்கிறது. மொழியைத் தானே சொல்லாமல் விதிகளுக்கு விட்டுவிட்டது. உணவுப் பொதிகளுக்குரிய 2011ஆம் ஆண்டு விதிகளோ, முகப்புச் சீட்டிலுள்ள செய்திகள் ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரி எழுத்திலான இந்தியில் இருக்க வேண்டும் என்று கூறின. 2020இல் அவ்விதிகள் புதிதாக எழுதப்பட்டபோதும் இத்தொடர் பெயர்க்கப்படாமல் அப்படியே அமர்ந்துகொண்டது. இதனோடு ஒட்டுத்துணிபோல் ஒரு வரியும் உண்டு: இவற்றோடு வேறு மொழியைச் சேர்ப்பதற்குத் தடையில்லை என்பது அது. தடையில்லையாம்! தமிழ்நாட்டில், தமிழ்த்தாய் தன் மகவுக்கு ஊட்டும் உணவின் எச்சரிக்கையைத் தமிழில் அச்சிடுவது குற்றமாகாது என்று தில்லி பெருந்தன்மையோடு இசைவு தருகிறது. நிறுவனம் விரும்பினால் தமிழைச் சேர்க்கலாம். விரும்பாவிட்டால் அதனைக் கேட்பாரில்லை.

எளிதிற் புரியும் வகையில் என்று சட்டம் சொன்னதே, யாருக்குப் புரியும் வகையில்? மாவை வாங்குபவளுக்கா, அதனை ஆய்வு செய்யும் அலுவலருக்கா? 1981ஆம் ஆண்டுப் பன்னாட்டு நெறியின் 9ஆம் பிரிவு, பெட்டியிலுள்ள செய்தி பொருத்தமான மொழியில் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. ஆத்தூர்ப் பக்கத்துச் சிற்றூருக்கும் நத்தத்துக்கும் பொருத்தமான மொழி தேவநாகரி எழுத்திலான இந்தி என்று எந்த நலப் பேரவையும் சொல்லவில்லை.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. படத்தைக் காட்டி மயக்குதல் கூடாது என்று சட்டம் பெட்டியிலிருந்து குழந்தைப் படத்தை நீக்கிற்று. அது நேரிய செயல். படம் போனபின் தாய்க்கு எஞ்சியது எழுத்து ஒன்றே. அந்த எழுத்தையும் அவளறியா மொழியில் வைத்ததனால், சட்டத்தின் காவல் முழுவதும் அவளுக்கு வெறும் கோடுகளாகிவிட்டது.

இஃது மொழிப்பற்றாளரின் மனக்குறை மட்டும் என எண்ணுவார் கரண்டிக் கணக்கைப் பார்க்கட்டும். 30 மில்லிலிட்டர் நீருக்கு ஒரு கரண்டி என்று பெட்டியில் இருப்பதாகக் கொள்வோருக்கு 60 மில்லிலிட்டருக்கு இரண்டு கரண்டி வேண்டும். விலையைக் கண்டு அஞ்சிய பாட்டி ஒரு கரண்டியோடு நிறுத்தினால் மகவுக்குக் கிடைப்பது பாதி ஊட்டமே. வயிறு நிறைந்துவிடுவதால் குழந்தை அழாது. அழாததால் ஒருவரும் ஐயுறார். எடை மட்டும் திங்கள்தோறும் பின்தங்கும். மாறாக, பிள்ளை தேறட்டும் என்ற அன்பினால் கரண்டியைக் குவித்துப் போட்டால் பால் மிகச் செறிந்து, பிஞ்சுச் சிறுநீரகம் உப்பை வெளியேற்ற உடல்நீரை இழக்கும். வெயில் காயும் திண்டுக்கல் சமவெளியில் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் அக்குழந்தை ஓரிரு நாளில் துவண்டுவிடும். மாவுப்பால் நுண்ணுயிர் முற்றும் அற்ற பொருளன்று. ஆதலால் கொதித்த நீர் 70 பாகைக்குக் கீழே ஆறுமுன் மாவைக் கலந்து, பின்னர்க் குளிரவைத்து ஊட்ட வேண்டும் என்று உலக நல நிறுவனம் 2007இல் நெறி வகுத்தது. நம் வீடுகளிலோ, காலையில் காய்ச்சி ஆறவைத்த நீரில் நாள் முழுதும் கலக்கும் பழக்கம் உண்டு. கலக்கும் முறையைச் சொல்லும் பகுதியே தாய்க்கு விளங்காத மொழியில் இருக்கும்போது பழக்கத்தைத் திருத்துவது எது?

தமிழில் எழுதச் சொற்கள் உண்டா என்று கேட்கும் படித்தவர்களும் உள்ளனர். அவர்கள் ஒருமுறை ஒட்டன்சத்திரச் சந்தைக்கோ நகர்க் கூலக் கடைக்கோ போய்வரலாம். தலைதட்டி அளத்தல் என்றால் என்ன, குவித்து அளத்தல் என்றால் என்ன என்பதைப் படியால் நெல்லளந்த எந்தக் கிழவியும் சொல்வாள். விதிகளில் ஆங்கிலத்தில் எழுதி விளக்க வேண்டியிருக்கும் ஒன்று தமிழில் ஒரே சொல்லில் கைவிரலோடு ஒட்டி நிற்கிறது. 'தலைதட்டி ஒரு கரண்டி' என்று அச்சிட்டால் அதற்குமேல் விளக்கம் வேண்டா. புரதம், கொழுப்பு, மாவுப்பொருள், சுண்ணம், இரும்பு என எல்லாம் பள்ளிப் பாடநூல்களில் இருக்கும் சொற்களே. 'இன்பேண்ட் பார்முலா' என்று ஆங்கிலத்தையே தமிழெழுத்தில் எழுதித் தமிழாக்கிவிட்டதாகக் காட்டும் ஏமாற்று வேலையைத்தான் தடுக்க வேண்டும்.

பாலாடை என்னும் சொல்லின் வரலாறும் இங்கே கருதத் தக்கது. மூக்கு வைத்த அச் சிறு கலத்தால் தமிழ்த்தாயர் தலைமுறை தலைமுறையாகப் பாலூட்டினர். பின்னர்ப் புட்டி வந்தது. பாலாடை பரணுக்குப் போயிற்று. இன்று குறைமாதக் குழவிகளுக்குப் புட்டியைவிடப் பாலாடை ஏற்றது என்று மருத்துவர்கள் ஆய்ந்து எழுதும்போது அதே தமிழ்ச் சொல்லையே ஆங்கில மருத்துவ இதழ்களில் வழங்குகின்றனர். ஆங்கில மருத்துவ இதழுக்குள் நுழைய முடிந்த தமிழ்ச்சொல், தமிழ்நாட்டில் விற்கும் பால்மாப் பெட்டிக்குள் நுழைய முடியவில்லை.

2024 ஏப்பிரலில் எழுந்த சீனிச் சிக்கலும் இதையே காட்டுகிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த 'பப்ளிக் ஐ' என்னும் அமைப்பும் பன்னாட்டுக் குழந்தை உணவுச் செயல் வலையமும், இந்தியாவில் விற்கும் நெசுலேயின் செரிலாக் கூலவுணவுகளில் ஒருவேளைக்குச் சராசரியாக ஏறத்தாழ 3 கிராம் சீனி சேர்க்கப்பட்டிருப்பதையும், செருமனியிலும் பிரித்தானியாவிலும் அந் நிறுவனம் விற்கும் ஆறுதிங்கட் குழந்தைக்குரிய கோதுமை உணவில் சேர்த்த சீனி இல்லாததையும் வெளியிட்டன. ஐந்தாண்டுகளில் சீனியை 30 விழுக்காடுவரை குறைத்துள்ளதாக நிறுவனம் விடையிறுத்தது. இந்திய விதியோ, தேவைப்படின் மொத்த மாவுப்பொருளில் 20 விழுக்காட்டுக்கு மேற்படாமல் சீனி சேர்க்க இடம் தருகிறது. வெள்ளைக்காரன் பிள்ளைக்கு ஆகாத இனிப்பு கறுப்புப் பிள்ளைக்கு எப்படி ஆகும் என்று கேட்டவர் பலர். கேட்க வேண்டியதே. ஆனால் வெளிநாட்டு அமைப்பு ஒன்று ஆய்ந்து சொல்லும்வரை இங்குள்ள தாய்க்கு அது தெரியாமற் போனது ஏன் என்பதும் உடன் கேட்கப்பட வேண்டும். பெட்டியில் சீனி என்ற ஈரெழுத்துச் சொல் தமிழில் இருந்திருந்தால் அவளே கண்டிருப்பாள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் இயற்றிய உணவுச் செய்தி விதி, பொருள் எந்நாட்டில் விற்கப்படுகிறதோ அந்நாட்டு நுகர்வோர் எளிதில் அறியும் மொழியில் செய்தி இருக்க வேண்டும் என்கிறது. சுலோவீனியா என்னும் நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 21 இலக்கம். அங்கே போகும் பெட்டியில் சுலோவீனிய மொழி உண்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திண்டுக்கல் மாவட்டம் ஒன்றின் மக்கள்தொகையே 21 இலக்கத்து 59 ஆயிரத்துக்கு மேல். இடம் போதாது, செலவு மிகும் என்று இங்கே சாக்குச் சொல்லும் அதே உலக நிறுவனங்கள் அங்கே வாய்திறவாமல் அச்சிடுகின்றன.

தமிழ்நாட்டரசும் தன் பங்குக்குக் கைகட்டி நிற்கிறது. 1948ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் விதிகளின்படி கடையின் பெயர்ப்பலகை தமிழில் இருந்தாக வேண்டும். வெளியே தொங்கும் பலகைக்குத் தமிழ் கட்டாயம். உள்ளே விற்கும் குழவியுணவுக்கு இல்லை! அரசே குழந்தைகள் மையங்களின் வழி வழங்கும் இணையுணவு மாவுப் பொட்டலத்தில் தமிழ் இருக்கும்போது, தனியார் பெட்டிக்கு மட்டும் அது இயலாத செயலாவது எங்ஙனம்? 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு உணவுத்தொழிலை நடுவணரசின் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது உண்மையே. மாநிலங்களின் கையிலிருந்து உரிமைகள் ஒவ்வொன்றாக நழுவிய வரலாற்றில் இதுவும் ஓர் ஏடு. எனினும் கருநாடகம் அதனைச் சொல்லிக்கொண்டு வாளாவிருக்கவில்லை. தான் இயற்றிய கன்னட மொழி வளர்ச்சிச் சட்டத்தின் வழியே, தன் மாநிலத்திற் செய்து விற்கும் பொருள்களின் பெயரும் பயன்படுத்தும் முறையும் கன்னடத்திலும் இருக்க வேண்டும் என 2025 பிப்பிரவரியில் ஆணையிட்டது. வெளிமாநிலத்திலிருந்து வரும் பெட்டியை அவ்வாணை கட்டாது. ஆயினும் ஒரு மாநில அரசு தன் மொழிக்காகச் சட்டத்தில் வழி தேடியது.

சின்னாளப்பட்டியில் 1947இல் சிறு மகப்பேற்று மனையாகத் தொடங்கிக் காந்திகிராமத்துக் கத்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்த நிலையத்திலும், திண்டுக்கல் அரசு மருத்துவமனையிலும் தாய்ப்பாலின் சிறப்பைச் செவிலியர் தமிழில்தான் எடுத்துரைக்கின்றனர். அத் தாய் வீடு திரும்பிக் கையில் எடுக்கும் பெட்டி அதே செய்தியை வேற்று மொழியில் சொல்கிறது. தேவைப்படும் திருத்தம் பெரிதன்று. முகப்புச் சீட்டு விதியில் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் என்றுள்ள இடத்தில், பொருள் விற்கப்படும் மாநிலத்தின் ஆட்சிமொழியில் கட்டாயமாகவும், வேண்டுமாயின் பிறமொழியிலும் என்று மாற்ற வேண்டும். குழவியுணவுகளுக்கும் பால்புட்டிகளுக்கும் அதனை முதற்கண் செயற்படுத்த வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இதற்குத் தீர்மானம் இயற்றித் தில்லிக்கு விடுக்கவும், கருநாடகம்போல் மொழிச் சட்டத்தின் வழி தானே ஆணையிடவும் எத்தடையும் இல்லை. அதுவரை, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் ஒவ்வொரு மருந்துக் கடையிலும் கலக்கும் முறையையும் கரண்டிக் கணக்கையும் தமிழில் அச்சிட்ட தாள் ஒன்றைத் தொங்கவிடச் செய்யலாம். அதற்கு எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை.