‘டீச்சர் வேலை கெடச்சுருச்சா?’ - இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்கலாமா?

போன மாசம் சாத்தூரில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் பெரியம்மா மகள். பி.எட் முடித்து எட்டு வருஷமாகிறது. பாயசம் வருவதற்குள் மூன்று பேர் வந்து விசாரித்துவிட்டார்கள்.

‘‘ஏத்தா, டீச்சர் வேலை கெடச்சுருச்சா?’’

‘‘ஸ்கூலுக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்கேன் பெரியம்மா.’’

‘‘அது பிரைவேட்டுல்ல... கவர்மென்ட்டுல எப்போ?’’

அக்கா சிரித்துக்கொண்டே அப்பளத்தை நொறுக்கினார். பகலில் தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு, மாசச் சம்பளம் பதினோராயிரம். சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் பதினைந்து பிள்ளைகளுக்குப் பாடம். அதில் பாதிப் பேரின் அம்மாக்கள் தீப்பெட்டி ஆபீஸுக்கும் பயர் ஆபீஸுக்கும் போகிறவர்கள். இவ்வளவு செய்தும், ஊர்க் கணக்கில் அக்கா இன்னும் ‘வேலை கிடைக்காதவர்’தான்!

உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அக்காவோ அண்ணனோ இருக்கலாம். அதனால்தான் இந்த வாரம் இதைப் பேசுவோம்.

வரிசை ஏன் நகரவில்லை?

ஒரு காலத்தில் பயிற்சி முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பார்கள். பதிவு மூப்பு வந்தால் வேலை. கல்வி உரிமைச் சட்டம் 2010-ல் நடைமுறைக்கு வந்த பிறகு, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்த ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமானது. நாம் ‘டெட்’ என்று சொல்கிறோமே, அதுதான்.

தமிழ்நாட்டின் முதல் டெட் 2012 ஜூலையில் நடந்தது. ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். நூறு பேரில் ஒருவர்கூட இல்லை! 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்று புலம்பல் எழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுபடி தேர்வு வைத்தபோது, 19,000 பேருக்கு மேல் தேறினார்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு வைப்பவர்கள் ஒரு முறை இதையும் யோசிக்கலாம்.

தேறியதும் வேலை வந்ததா? அதுவும் இல்லை. டெட் தேறியவர்கள் பணி நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018-ல் அரசாணை வந்தது. ஒரு கதவைத் திறந்தால் உள்ளே இன்னொரு கதவு.

பணியில் இருப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டாண்டுகளுக்குள் டெட் தேற வேண்டும் என்பது அதன் சாரம். இருபது வருஷம் சாக்பீஸ் பிடித்தவர்களும் மறுபடி வழிகாட்டிப் புத்தகம் வாங்க வேண்டியதாயிற்று.

செப்டம்பர் 5

ஊரெல்லாம் செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். சிவகாசிக்காரர்களுக்கு அந்தத் தேதியில் இன்னொரு நினைவும் உண்டு. 2012-ல் அதே நாளில்தான் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடி விபத்து நடந்தது. சுமார் 40 உயிர்கள் போயின.

இந்தப் பகுதியில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பது, மற்ற ஊர்களில் நிற்பது போன்றது இல்லை. அடுத்த வாசல் எது என்று எல்லோருக்கும் தெரியும்.

1980-களில் குழந்தைத் தொழிலாளர் என்றாலே நாடு முழுக்கச் சிவகாசியைத்தான் சொன்னார்கள். 1986-ல் சட்டம் வந்தது. 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது.

சட்டம் பிள்ளையை ஆலையிலிருந்து வெளியே கொண்டு வரும். அதன் பிறகு? கைவிரலில் மருந்து ஒட்டிய பத்து வயதுப் பிள்ளையை உட்கார வைத்து, ‘அ’ எழுத வைத்து, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பது யார்? அந்தச் சிறப்புப் பள்ளிகளில் மதிப்பூதியத்துக்கு நின்று பாடம் சொன்னவர்கள்தான் அதைச் செய்தார்கள். கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்த பிறகு, 2021-ல் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபோதும் பட்டமும் பயிற்சியும் முடித்த பெண்கள் தெருத்தெருவாக வகுப்பெடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு!

2023 பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம் விருதுநகர் மாவட்டத்துக்கு. ஒரு காலத்தில் குழந்தைத் தொழிலுக்குப் பெயர் வாங்கிய மாவட்டம் இது. பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்களின் சாதனைப் பட்டியல் கேட்டால், நான் இந்த ஒரு வரியைத்தான் காட்டுவேன்.

சாதனைக்குச் சம்பளம்?

‘ஆசிரியப் பணியே அறப்பணி’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். அறப்பணி செய்பவர் வீட்டுக்கும் கரன்ட் பில் வருகிறது. அரசுப் பள்ளியிலேயே 2009 ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள், அதற்கு முதல் நாள் வரை சேர்ந்தவர்களைவிடக் குறைவான அடிப்படைச் சம்பளத்தில் தொடங்கினார்கள். 8,370 ரூபாய்க்குப் பதில் 5,200 ரூபாய். ஒரே தகுதி, ஒரே வேலை! ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருவது இதற்குத்தான். அரசுப் பள்ளியிலேயே இப்படி என்றால், தனியார் பள்ளி அக்காவுக்காக யார் பேசுவார்கள்?

சேரும் முன் கவனிங்க!

இந்தப் படிப்பில் சேரப்போகிற தம்பி, தங்கைகளுக்கு மூன்று விஷயங்கள்.

* ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்த தொடக்கக் கல்வி டிப்ளமோவும் டெட் முதல் தாளும் வேண்டும். ‘பி.எட் இருந்தால் தொடக்கப் பள்ளிக்கும் போகலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது.

* ஆறு முதல் எட்டு வரை என்றால் பட்டம், பி.எட், டெட் இரண்டாம் தாள். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு முதுகலைப் பட்டமும் பி.எட்டும் முடித்து, தனித் தேர்வு எழுத வேண்டும்.

* டெட் சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும். முன்பு போல ஏழு ஆண்டில் காலாவதி ஆகாது. மத்திய அரசுப் பள்ளிகளுக்கு ‘சி-டெட்’ தனி. இரண்டையும் எழுதி வையுங்கள்.

கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அக்காவிடம் கேட்டேன், ‘‘எல்லாரும் கேட்கிறப்போ கோபம் வரலையாக்கா?’’

‘‘கோபம் என்னத்துக்கு? என்கிட்ட படிச்ச பிள்ளை ஒண்ணு இந்த வருஷம் நர்சிங் சேர்ந்துருக்கு. அவங்கம்மா மருந்து செலுத்துற ரூம்ல வேலை பாக்குறவங்க. ‘இனி எம்பொண்ணு அந்தப் பக்கம் வரமாட்டா டீச்சர்’னு கையப் பிடிச்சுக்கிட்டாங்க. யாராவது அதைக் கேட்டா நல்லாருக்கும்.’’

அடுத்த விசேஷ வீட்டில் ஒரு டீச்சரைப் பார்த்தால், வேலை கிடைத்ததா என்று விசாரிக்காதீர்கள். ‘உங்ககிட்ட படிச்ச பிள்ளைங்க இப்போ என்ன பண்றாங்க?’ என்று கேளுங்கள். அப்படியே, ‘சம்பளம் ஒழுங்கா வருதா?’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்களைப் படிக்க வைத்த, இன்னும் ‘வேலை கிடைக்காத’ டீச்சர் யார்? எங்களுக்கு எழுதுங்களேன்!