சறுக்கினவன் கோழையா?

அமெரிக்கர்கள் கால்பந்து என்று ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். அதில் பந்தோடு காலுக்கு உள்ள சம்பந்தம் சொற்பம். இரண்டு முனையும் கூம்பிய அந்தப் பந்தைக் கையில் வாங்கி, எதிரிகள் மேலே வந்து விழுவதற்கு முன் யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று விநாடியில் தீர்மானிக்கிறவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அணிக்கு மூளை அவர். அந்த மூளையைக் கொண்டுபோய் எதிராளியின் மார்பில் முட்ட வேண்டுமா என்பதுதான் வழக்கு.

முட்டத்தான் வேண்டும் என்கிறது ஒரு கட்சி. எறிய ஆள் அகப்படாவிட்டால் குவார்ட்டர்பேக் தானே பந்தோடு ஓடலாம். அப்படி ஓடுகிறவர் காலை முன்னே நீட்டித் தரையில் சறுக்கிவிட்டால் ஆட்டம் அங்கேயே நின்றதாகக் கணக்கு. அதற்குமேல் அவரை அடித்தால் தண்டனை. 1985ல் இந்த விதி வந்தது. ஆனால் சறுக்குகிறவனைக் கண்டால் நம் வீரரசிகர்களுக்கு வயிறு எரிகிறது. "எல்லோரும் அடிபடுகிற ஆட்டத்தில் இவன் மட்டும் என்ன, மாப்பிள்ளையா?" என்று என் நண்பர் ஒருவரே கேட்டார். அவர் வாழ்நாளில் ஓடிப்போய் மோதியது பஸ்ஸில் இடம் பிடிக்க மட்டும்தான்.

சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால் வேடிக்கையாக இருக்கிறது. 1905ல் இந்த ஆட்டம் வெறும் முட்டலும் மோதலுமாக இருந்தது. கல்லூரிப் பையன்கள் மைதானத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் சர்வகலாசாலைக்காரர்களை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேசினார். மறு வருஷம், 1906ல், பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதியை மாற்றினார்கள். சாவைக் குறைப்பதற்காகப் பிறந்த கலை, ஐயா, இந்த எறிதல்! அதற்கென்றே நிற்கிறவனைப் பார்த்து, "எறிந்தது போதும், போய் முட்டு" என்பது, வைத்தியனைப் பார்த்து "நீயும் கொஞ்சம் விஷம் குடித்துக் காட்டு" என்பது போல இருக்கிறது.

2024 செப்டம்பர் 12 அன்று மயாமியில் நடந்ததைச் சொல்கிறேன். டுவா டாகோவைலோவா அப்போது மயாமி அணியின் குவார்ட்டர்பேக். இரண்டு வருஷத்துக்கு முன், 2022 செப்டம்பரில், சின்சினாட்டியில் தலையில் அடிபட்டு, விரல்கள் கோணிக்கொண்டு மைதானத்தில் கிடந்தவர். தேறி வந்தார். 2024 ஜூலையில் நாலு வருஷத்துக்கு 21 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் ஆயிற்று. செப்டம்பர் ஆட்டத்தில் பஃபலோ அணி 31, மயாமி 10. இவர் பந்தோடு ஓடினார்; சறுக்கவில்லை. எதிரே வந்த டமார் ஹாம்லின் மீது தலையைத் தாழ்த்திக்கொண்டு மோதினார். விழுந்தவருடைய கை அந்தரத்தில் விறைத்து நின்றது.

அந்த ஹாம்லின் யார்? 2023 ஜனவரி 2ஆம் தேதி, இதே ஆட்டத்தில் ஒருவனைத் தடுத்துவிட்டு எழுந்து, இருதயம் நின்று, சாய்ந்தவர். மைதானத்திலேயே மார்பை அழுத்தி உயிரை மீட்டார்கள். சாவின் வாசல்வரை போய்வந்த ஒருவர் மீது, மூளை கலங்கிப் பிழைத்த இன்னொருவர் போய் மோதுகிறார். எதற்காக? 21 புள்ளி பின்தங்கிவிட்ட ஓர் ஆட்டத்தில் சில கஜத்துக்காக! இப்படி ஒரு காட்சியை நான் நாவலில் எழுதினால், "ரொம்பச் செயற்கை" என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள்.

எதிர்க்கட்சியிலும் நல்ல சாட்சி ஒருவர் உண்டு. 1998 ஜனவரியில் டென்வர் அணிக்கு ஆடிய ஜான் எல்வே. வயது 37. அதற்குமுன் மூன்று சூப்பர் பௌல் இறுதி ஆட்டங்களில் தோற்றவர். ஆட்டம் 17க்கு 17 என்று சமமாக இருந்தபோது பந்தோடு ஓடி, எதிரிகள் நடுவே தாவி, அடிபட்டு அந்தரத்தில் பம்பரமாகச் சுழன்று விழுந்தார். டென்வர் 31-24 என்று ஜெயித்தது. எனக்கும் மயிர்க்கூச்செறிகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது கடைசி ஆட்டம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று அந்த வருஷத்தில் ஒன்று மிச்சமில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், அவர் எழுந்துவிட்டார். எழுந்தவனுக்குத்தான் படம் போடுகிறார்கள்.

எழாதவர் கதையைக் கேளுங்கள். ராபர்ட் கிரிஃபின், 2012ல் வாஷிங்டன் அணிக்கு வந்த இளைஞர். முதல் வருஷமே நாடெல்லாம் அவர் பேச்சு. டிசம்பரில் பந்தோடு ஓடியபோது முழங்காலில் அடி. 2013 ஜனவரியில், சியாட்டில் அணிக்கு எதிராக அந்த முழங்காலோடேயே இறங்கினார். நொண்டினார். எல்லோரும் பார்த்தார்கள். பயிற்சியாளரும் பார்த்தார், வெளியே எடுக்கவில்லை. கடைசிப் பகுதியில் முழங்கால் தானாகவே மடிந்தது. அப்போது வயது 22. பிறகு பல வருஷம் ஆடினார். ஆனால் அந்தப் பழைய கிரிஃபின் திரும்பி வரவே இல்லை.

சறுக்கினாலும் ஆபத்துத்தானே என்பார்கள். உண்மை. 2024 டிசம்பர் 1ஆம் தேதி டிரெவர் லாரன்ஸ் முறையாகச் சறுக்கினார். அப்படியும் ஒருவர் வந்து தாக்கி மூளை அதிரச் செய்தார். தாக்கினவருக்கு மூன்று ஆட்டம் தடை. பூட்டின வீட்டிலும் திருடன் புகுந்தான் என்பதற்காகக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறோமா? ஓடக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 2019ல் லாமர் ஜாக்ஸன் 1206 கஜம் ஓடினார், அழகான ஓட்டம். எதிரியிடம் அகப்படாமல் ஓடுவது கலை. அகப்படுவதற்கென்றே ஓடுவதற்கு வேறு பெயர்.

நண்பருடைய 'மாப்பிள்ளை' கேள்விக்கு மட்டும் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நிற்கும் தடியர்களுக்கு விதி அவ்வளவு கருணை காட்டவில்லை. 2002ல் இறந்த மைக் வெப்ஸ்டர் அந்த வரிசைக்காரர். அவர் மூளையை அறுத்துப் பார்த்துத்தான் டாக்டர் பென்னட் ஒமாலு இந்த வியாதியை உலகத்துக்குச் சொன்னார். 2017ல் பாஸ்டனில் ஆராய்ந்த 111 என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களின் மூளைகளில் 110ல் அந்தக் கோளாறு இருந்தது. சந்தேகப்பட்ட குடும்பங்கள் கொடுத்த மூளைகள் அவை. எல்லோருக்கும் அதே விகிதம் என்று கொள்ளலாகாது. இருந்தாலும் 110! ஆகவே அநீதி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பரிகாரம் தடியர்களையும் காப்பாற்றுவது. மிஞ்சியிருக்கிற ஒருவனையும் உடைப்பதல்ல.

உடைவதைப் பார்க்கத்தான் ஆசையா என்று எனக்குச் சந்தேகம் வருவது இண்டியானாபொலிஸ் சங்கதியை நினைக்கும்போது. ஆண்ட்ரூ லக், தன்னைப் பலமாக அடித்த எதிராளியையே பாராட்டுகிற விசித்திரப் பிறவி. 2015ல் பந்தோடு ஓடி, சிறுநீரகம் கிழிந்து, அந்த ஆட்டத்தை முடித்துக்கொடுத்து ஜெயித்தார். தோளில் அடிபட்டு 2017 முழுவதும் ஆடவில்லை. வலியும் சிகிச்சையுமாக வருஷங்கள் போயின. 2019 ஆகஸ்ட் 24 அன்று, 29 வயதில், போதும் என்றார். செய்தி மைதானத்தில் முன்கூட்டியே கசிந்துவிட்டது. அவர் வெளியே நடந்தபோது சொந்த ஊர் ரசிகர்களே ஊளையிட்டார்கள். சிறுநீரகம் கிழிந்தபோது கைதட்டின கூட்டம்!

2024 நவம்பரில் லக், தாம் படித்த ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையின் கால்பந்து அணிக்குப் பொது நிர்வாகியாகப் போய்ச் சேர்ந்தார். அங்கே வருகிற பையன்களுக்கு அவர் சறுக்கச் சொல்லிக்கொடுத்தாரானால், அவர்களைப் பெற்றவர்கள் ஊளையிட மாட்டார்கள்.