சாண் கணக்கில் சங்கீதமா?

வடலூரில் கிடார் வகுப்பு நடத்தும் ஒருவர் அண்மையில் பெற்றோர் சிலரை உட்காரவைத்துப் பேசினார். கையை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஏழு அங்குலமாவது இருக்க வேண்டுமாம். அதற்குக் குறைந்த கைக்குக் கிடார் வராதாம். அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பன்னிரண்டு வயதுவரை கீபோர்டில் போட வேண்டும், பெண் பிள்ளைகளென்றால் பாட்டுக்கே அனுப்பிவிடலாம் என்றார். முக்கால் அளவுக் கிடார் என்று கடைக்காரர் காட்டுவது வெறும் பொம்மை, அதில் பழகிய விரல் பிறகு பெரிய கிடாருக்குத் திரும்பாது என்றும் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. ஸ்கேலை வைத்து அளந்து, சில பிள்ளைகளைத் திருப்பியும் அனுப்பினார்.

அவர் பெயர் இங்கே வேண்டாம். இது அவர் ஒருவரின் கருத்தும் அல்ல. நெய்வேலி டவுன்ஷிப்பிலும் விருத்தாசலத்திலும் இதே பேச்சைப் பெற்றோர் வாயிலாகப் பலமுறை கேட்டிருக்கிறேன். டவுன்ஷிப் பிள்ளைகளுக்குக் கிடார் சொல்லிக்கொடுப்பதே என் வேலை. அளந்து அனுப்பப்பட்ட பிள்ளைகளில் சிலர் பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 'எனக்குக் கை சின்னது சார்' என்று, கிடாரைத் தொடும் முன்பே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சொல்வார்கள். அந்த வாக்கியத்தைக் குழந்தையின் வாயில் போட்டவர்கள்மேல் எனக்குக் கோபம். மறைக்கப் போவதில்லை.

முதலில் அந்த ஏழு அங்குலம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் எதிரெதிராக விரித்து அளக்கும் சாண் அது. பியானோவில் ஒரே கையால் எட்டு வெள்ளைக் கட்டையை எட்டிப் பிடிக்கிறவருக்கு அந்த அளவால் பயன் உண்டு. அங்கே கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒரே வரிசையில் நின்று வாசிக்கிறது. கிடாரில் இடது கைக் கட்டைவிரல் நெக்கின் பின்னால் போய்விடுகிறது. தந்தியை அழுத்துபவை மற்ற நான்கு விரல்கள். ஆள்காட்டி விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே எவ்வளவு விரிகிறது என்பதுதான் கேள்வி, அதை அவர் அளக்கவே இல்லை. வேறொரு வாத்தியத்துக்கு உரிய அளவை எடுத்துவந்து கிடாரின் பெயரால் பிள்ளைகளைக் கழித்துக்கட்டியிருக்கிறார். கிடார் ஆசிரியர் என்று போர்டு மாட்டியவர் செய்யக்கூடாத தவறு இது. இதற்குமேல் அவர் சொன்னது எல்லாம் இந்தத் தவறின் மேல் கட்டியதுதான்.

சரி, சரியான அளவையே எடுப்போம். முழு அளவு கிளாசிக்கல் கிடாரில், தந்தியின் இரு முனைகளைத் தாங்கும் நட்டுக்கும் சேடிலுக்கும் இடையே தந்தியின் நீளம் 650 மி.மீ. பிரிட்ஜை நோக்கிப் போகப்போக, நெக்கில் பதித்த ஃப்ரெட் கம்பிகள் நெருங்கும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தி நேர்பாதியாகும். இந்தக் கணக்கின்படி முதல் ஃப்ரெட் கம்பிக்கும் நான்காவது கம்பிக்கும் நடுவே ஏறக்குறைய 98 மி.மீ. சின்னக் கைக்கு இது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். அதே கிடாரில் ஐந்தாவது கம்பிக்கும் எட்டாவது கம்பிக்கும் நடுவே 77 மி.மீ. மட்டுமே. 580 மி.மீ. தந்தி உள்ள முக்கால் கிடாரில் ஒன்றிலிருந்து நான்குவரை 87, 530 உள்ள அரைக் கிடாரில் 80. அதாவது முழுக் கிடாரின் நடுப்பகுதி, அரைக் கிடாரின் முதல் நான்கு ஃப்ரெட்டுகளைவிடச் சின்னக் கைக்கு எளிது. கிடார் வாங்க வசதியில்லாத வீட்டில் அப்பாவின் பழைய கிடார்தான் இருக்கிறது என்றாலும், பிள்ளையை ஐந்தாவது ஃப்ரெட்டில் தொடங்கவைக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். முதல் ஃப்ரெட்டில்தான் தொடங்க வேண்டும் என்பது பாடப்புத்தகத்தின் பழக்கம் மட்டும்.

இன்னும் எளிய வழி கேப்போ. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தக் கவ்வியை இரண்டாவது ஃப்ரெட்டில் மாட்டினால் மீதித் தந்தி 579 மி.மீ. முழுக் கிடார் அந்த நொடியே முக்கால் கிடாராகிவிடும். பொம்மை என்று அவர் ஒதுக்கிய நீளம், அவர் பையிலேயே இருக்கும் கேப்போவுக்குள் இருக்கிறது. அவரும் மேடையில் கேப்போ மாட்டித்தான் சினிமாப் பாட்டு வாசிக்கிறார். அப்போது அவர் வாசிப்பது பொம்மையா?

பொம்மை வாதத்தை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெற்றோரை அதிகம் பயமுறுத்துவது அதுதான். 650 என்பது இயற்கை வகுத்த அளவல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தோனியோ தெ தோரஸ் என்ற ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் தன் கிடார்களுக்கு அமைத்த அளவு, பிறகு வந்தவர்கள் பின்பற்றியதால் வழக்கமாகிவிட்டது. மின்கிடாரில் அந்த ஒற்றுமைகூடக் கிடையாது: ஃபெண்டரின் பெரும்பாலான மாடல்கள் 648, கிப்சன் ஏறத்தாழ 628, ஃபெண்டரே செய்த மஸ்டாங் 610. ஜான் லெனன் 1960இல் ஹாம்பர்க்கில் வாங்கி, 1964இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பீட்டில்ஸ் முதன்முதலாக நேரலையில் தோன்றியபோது கையில் வைத்திருந்த ரிக்கன்பேக்கர் 325இன் தந்தி நீளம் 527 மி.மீ.தான். நம் கடைகளில் அரைக் கிடார் என்று விற்பதைவிடக் கொஞ்சம் குட்டை. 2025 பிப்ரவரியில் சென்னை நந்தனத்தில் பாடிவிட்டுப் போன எட் ஷீரன் பெயர் பெற்ற காலத்தில் அவர் தோளில் தொங்கியது லிட்டில் மார்ட்டின், 584 மி.மீ. இவர்கள் இருவருக்கும் பெரிய கிடார் வாங்கக் காசில்லாமலோ கை எட்டாமலோ போகவில்லை. சின்னது பிடித்திருந்தது, அதில் வாசித்தார்கள்.

சின்னதில் பழகினால் பெரியதுக்கு மாற முடியாது என்பதற்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. வயலின் வாத்தியாரிடம் போங்கள். கால், அரை, முக்கால் என்று வயலின் வரிசையாக இருக்கும். பிள்ளை வளர வளர மாற்றுவார்கள். ஃப்ரெட்டே இல்லாத வாத்தியம் அது. விரல் ஒரு மயிரிழை தள்ளினாலும் ஸ்வரம் பிசகும். அதிலேயே பிள்ளைகள் சில வாரங்களில் புது அளவுக்குப் பழகிவிடுகிறார்கள். ஃப்ரெட் போட்டு இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கிடாரில் முடியாதாம். நாகசுரத்தில் திமிரி, பாரி என்று நீளம் மாறும். சுருதிக்குச் சுருதி புல்லாங்குழலின் நீளம் மாறும், துளைகளின் இடைவெளி மாறும். டி.ஆர். மகாலிங்கம் என்ற மாலி 1933இல் மயிலாப்பூரில் முதல் கச்சேரி செய்தபோது அவருக்கு ஏழு வயது. குழல் பிடிக்கும் விரல் வளரட்டும் என்று யாராவது அவரைப் பன்னிரண்டு வயதுவரை நிறுத்திவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உ. ஸ்ரீநிவாஸ் 1978இல் ஆந்திரத்தின் குடிவாடாவில் ஒன்பது வயதில் மாண்டலின் வாசித்தார். மாண்டலின் சின்ன வாத்தியம்தானே என்பார்கள். ஆமாம், அதைத்தான் நானும் சொல்கிறேன். கைக்கு ஏற்ற வாத்தியம் கிடைத்தால் ஒன்பது வயதில் என்ன முடியும் என்பதற்கு அவர்தான் சாட்சி.

மேதைகளை உதாரணம் காட்டிச் சாதாரணப் பிள்ளைகளை ஏமாற்றாதீர்கள் என்றும் அவர் முன்கூட்டியே தடுப்புப் போட்டிருக்கிறார். நியாயமான எச்சரிக்கைதான், ஆனால் அது அவருக்கு எதிராகவே நிற்கிறது. 1928இல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகு ஜாங்கோ ரைன்ஹார்ட் எஞ்சிய இரண்டு விரல்களால் ஜாஸ் கிடாரின் போக்கையே மாற்றினார். அவருடைய மேதைமையைப் பிள்ளைகளிடம் நான் எதிர்பார்க்கவில்லை. அவர் கண்டுபிடித்த வழிமுறையைத்தான் எடுத்துக்கொள்கிறேன்: விரல் எட்டாத இடத்துக்குக் கையை நகர்த்து. இதற்கு மேதைமை தேவையில்லை. ஸ்பானியப் பியானோ கலைஞர் அலீசியா தெ லரோச்சா ஐந்தடிக்கும் குறைவான உயரம், சின்னக் கை. சாண் உண்மையிலேயே கணக்குக்கு வரும் வாத்தியத்திலும் அவரை யாரும் நிறுத்தவில்லை.

கையை நகர்த்துவது நமக்குப் புதிதும் அல்ல. வீணையைப் பாருங்கள். கிடாரைவிட நீண்ட தந்தி, அதனால் மெட்டுகளுக்கு நடுவே இடைவெளியும் அதிகம். பெரும்பாலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்தே ஓடுகின்றன. யாரும் நான்கு மெட்டை ஒரே நேரத்தில் விரித்துப் பிடிப்பதில்லை. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் கொண்டுவர விரலில் பலம் வேண்டும். இந்த வாத்தியத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பெண்கள் வாசித்துவருகிறார்கள். வீணை தனம்மாள் 1867இல் பிறந்தவர். வீணையின் எடையையும் இழுப்பையும் தாங்கிய பெண் கைக்கு, அதைவிட லேசான, குட்டையான கிடார் ஆகாது என்று இந்த நூற்றாண்டில் ஒருவர் வடலூரில் பேசுகிறார், பெற்றோரும் தலையாட்டுகிறார்கள். பெண் பிள்ளையைப் பாட்டுக்கு அனுப்புங்கள் என்ற அந்த ஒரு வரியில் கையின் அளவுக்கு இடமே இல்லை. ஆறடி உயரத்துக்கு வளர்ந்த பெண் பிள்ளை வந்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பார்.

ராணிப்பேட்டையில் பிறந்து ஐஐடி மெட்ராசில் படித்த ஆர். பிரசன்னா கிடாரில் கர்நாடக சங்கீதம் வாசிப்பதைக் கவனித்தால் இன்னொன்று புரியும். ராகம் ஒரு தந்தியின் நீளம் முழுக்க வழுக்கி ஓடுகிறது. கமகம் என்பதே அந்த நகர்வுதான். நம் இசையைக் கிடாரில் கற்கிற பிள்ளைக்கு விரிப்பைவிட நகர்வு முக்கியம்.

இனி பெற்றோர் எல்லாரும் கேட்கும் எஃப் கார்ட். 'எஃப் வரலைன்னா கிடாரே வராது' என்பது அவர் வாதத்தின் உச்சம். ஆறு தந்தியையும் ஆள்காட்டி விரலால் அழுத்தும் பாரேவைத்தான் சொல்கிறார். அந்த எஃப்பில் மூன்று ஸ்வரங்கள்தான், அவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. கீழ் நான்கு தந்தியில் வாசித்தாலே எஃப் முழுமையானது. ஆள்காட்டி விரல் இரண்டு தந்தியை மட்டும் அழுத்தினால் போதும். பெரிய பாரே பிறகு வரும், முதலில் ஐந்தாவது ஃப்ரெட் பக்கம், பிறகு மெல்ல நட்டை நோக்கி. அவர் உதாரணமாகச் சொன்ன 'இளைய நிலா' 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் வந்தது, ஆர். சந்திரசேகர் வாசித்தது. தமிழ்நாட்டில் கிடார் எடுக்கும் ஒவ்வொரு பிள்ளையின் கனவும் அந்தப் பாட்டு. அதில் காதைக் கட்டிப்போடுவது கார்டைத் தந்தி தந்தியாகப் பிரித்து மீட்டும் வலது கை. வலது கைக்குச் சாண் எதற்கு?

உண்மையில் வகுப்பில் பிள்ளைகளை அழவைப்பது விரலின் நீளமே அல்ல, செட் பண்ணாத கிடார்தான். இதை அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மலிவாக வாங்கிய கிடாரைப் பலரும் கடையிலிருந்து வந்தபடியே பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறார்கள். நட்டில் பள்ளம் ஆழமாக வெட்டியிருக்காது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தி நான்கு மி.மீ. உயரத்தில் நிற்கும். போதாததற்குப் பன்னிரண்டாம் நம்பர் ஸ்டீல் தந்தி. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் பூட்டிய வீட்டில் கிடந்தால் நெக்கும் வளையும். இப்படிப்பட்ட கிடாரில் முதல் ஃப்ரெட்டை அழுத்த எனக்கே விரல் வலிக்கும். ட்ரஸ் ராடைத் திருப்பி, நட்டை அரத்தால் ராவி, சேடிலை இறக்கி, பத்தாம் நம்பர் தந்தி மாட்டினால் அதே பிள்ளை அதே மாலையில் வாசிக்கும். கிளாசிக்கல் நெக் நட்டில் 52 மி.மீ. அகலம், ஸ்டீல் தந்திக் கிடாரில் 43 பக்கம். எந்த நெக் இந்தக் கைக்கு ஒத்துவரும் என்று பார்த்துச் சொல்வதும் ஆசிரியரின் வேலைதான். செட்டப் தெரியாதவர் தெரிந்தவரிடம் அனுப்பலாம். தன் வேலையைச் செய்யாமல் விட்டதற்குக் குழந்தையின் எலும்பைக் காரணம் காட்டுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எல்லாக் கைக்கும் எல்லாம் வரும் என்று நான் சொல்லவில்லை. கிளாசிக்கல் கிடாரில் பெரிய கையை நினைத்து எழுதிய உருப்படிகள் உண்டு. சிலவற்றை விரல்மாற்றி வாசிக்கலாம், சிலவற்றைச் சின்னக் கைக்காரர் கடைசிவரை விட்டுவிடத்தான் வேண்டும். அந்தக் கேள்வி பல வருடப் பயிற்சிக்குப் பிறகு எழுவது. எட்டு வயதுப் பிள்ளையைப் படியேற்றும் முன்பே அதைக் கேட்பதில் நியாயமில்லை. எட்டாத விரிப்பை அடம்பிடித்துப் பழகவைத்தால் மணிக்கட்டும் தசைநாரும் பழுதாகும் என்பதும் உண்மை. அதனால்தான் கேப்போ, அதனால்தான் முக்கால் கிடார். என் தலைமுறை பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு ஓட்டக் கற்றது. காலை அளந்து, வளர்ந்ததும் வா என்று வாடகைக் கடைக்காரர்கூட எங்களைத் திருப்பி அனுப்பவில்லை.

இதை வடலூரைப் பற்றி எழுத நேர்ந்ததுதான் எனக்கு வலிக்கிறது. வள்ளலார் 1867இல் தருமசாலையைத் திறந்தபோது வருகிறவரின் சாதியையோ தகுதியையோ கேட்கும் வழக்கத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தினார். அந்த ஊரில், கற்க வந்த குழந்தையின் கையை விரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறோம்.

அந்த ஆசிரியரிடம் நான் கேட்பது இரண்டு. திருப்பி அனுப்பிய பிள்ளைகளின் பெற்றோருக்கு அவரே போன் செய்து, அளந்தது தவறு என்று சொல்லட்டும். பிறகு அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டிய கிடாரை மடியில் வைத்து, இ மைனர் வடிவத்தை இரண்டு விரலில் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கட்டும். நேரம் இல்லையென்றால் எங்கள் டவுன்ஷிப்புக்கு அனுப்பட்டும். முக்கால் கிடாரும் அரைக் கிடாரும் என் வகுப்பில் இருக்கின்றன.