ஆஸ்பிரினுக்குள் அடங்காத ரத்த உறைவு

கொரோனா நோயாளிகளின் உடலில் ரத்தம் உறைவது ஏன் என்பதற்கு மக்களிடம் அதிகம் பரவியிருக்கும் விளக்கம், 2020 மே மாதம் முதல் வாட்ஸ்ஆப்பில் சுற்றிவரும் ஒரு செய்தி. உலக சுகாதார நிறுவனத்தின் தடையை மீறி இத்தாலிய மருத்துவர்கள் பிரேதப் பரிசோதனை செய்தார்களாம். ஆளைக் கொல்வது வைரஸ் அல்ல, 5ஜி கதிர்வீச்சில் வீரியம் கூடிய பாக்டீரியா என்று கண்டுபிடித்தார்களாம். ரத்தம் உறைவதுதான் நோயாம். ஆகவே வென்டிலேட்டரும் ஐசியுவும் வேண்டாம், ஆஸ்பிரின் முதலான சில மாத்திரைகளே போதுமாம். பிற்பாடு இத்தாலி ரஷ்யாவாக மாறியது. 2021இல் சிங்கப்பூர் ஆனது. சிங்கப்பூர் சுகாதார அமைச்சகம் மறுத்தும் செய்தி ஓயவில்லை. ஊர்தான் மாறியது, மாத்திரை மாறவில்லை.

முதலில், தடை. எந்த நாட்டிலும் பிரேதப் பரிசோதனையைத் தடுக்கும் அதிகாரம் உலக சுகாதார நிறுவனத்துக்குக் கிடையாது. பெர்கமோ, மிலான் நகரங்களில் இறந்த 38 பேரின் நுரையீரல் ஆய்வும், ஹாம்பர்க்கில் 12 சடலங்களில் நடந்த ஆய்வும் 2020இலேயே மருத்துவ இதழ்களில் வெளிவந்தன. ஹாம்பர்க்கில் 7 பேருக்கு ஆழ்சிரைகளில் ரத்தக்கட்டி இருந்தது. 4 பேரின் இறப்புக்கு நுரையீரல் தமனி அடைப்பே நேரடிக் காரணம். மறைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ரகசியம் இப்படி அச்சிலேயே கிடக்கிறது.

அடுத்து, பாக்டீரியாவும் 5ஜியும். வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரியிலேயே வெளியாகிவிட்டது. இந்தியாவில் 5ஜி சேவை தொடங்கியதோ 2022 அக்டோபரில். இரண்டாம் அலை அதற்கு ஓராண்டுக்கு முன்பே வந்து போயிருந்தது.

மூன்றாவது, வென்டிலேட்டர் வேண்டாம் என்பது. அதே 38 இத்தாலிய நுரையீரல்களில் 33இல் சிறு தமனிகளில் கட்டிகள் தென்பட்டன. ஆனால் காற்று நுண்ணறைச் சிதைவு 38இலும் இருந்தது; நுண்ணறைகள் சிதைந்தால் மூச்சுக்குக் கருவியின் துணை தேவைப்படலாம். வைரஸ் தொற்றும் அது கிளப்பும் அழற்சியும் ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. அங்கே ரத்தத் தட்டணுக்களும் ஃபைப்ரின் என்ற புரத இழைகளும் சேர்ந்து கட்டியாகின்றன. கட்டி, வைரஸ் செய்த சேதத்தின் விளைவு. ஃபுளூவில் இறந்தவர்களின் நுரையீரலிலும் நுண்கட்டிகள் உண்டு. கொரோனாவில் அவை ஏறத்தாழ 9 மடங்கு அதிகம்.

கடைசியாக, ஆஸ்பிரின். இதைச் சோதித்துப் பார்க்காமல் யாரும் ஒதுக்கவில்லை. பிரிட்டன் தலைமையிலான ரெகவரி ஆய்வில் மருத்துவமனைகளில் சேர்ந்த சுமார் 15,000 பேர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சையுடன் தினமும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின். மற்றதற்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாட்களில் இரண்டிலும் இறந்தவர்கள் 17 விழுக்காடு. ஆஸ்பிரின் பெற்ற ஒவ்வொரு 1,000 பேரிலும் சுமார் 6 பேருக்கு ரத்தக்கட்டி தவிர்ந்தது. சுமார் 6 பேருக்குக் கடும் ரத்தக்கசிவு கூடுதலாக வந்தது. வரவும் செலவும் சரி.

ரத்த உறைவைப் பொறுத்தவரை ஆஸ்பிரின் முக்கியமாகத் தட்டணுக்களையே அடக்குகிறது. ரத்தத்தின் உறைவுக் காரணிகளைத் தடுக்கும் ஹெபரின் அதைவிடப் பொருத்தமானது என்று வாதிடலாம். அதையும் சோதித்தார்கள். 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வுகளில், சாதாரண வார்டில் இருந்தவர்களுக்கு முழு அளவு ஹெபரின் ஓரளவு உதவியது: உயிர்காக்கும் கருவிகளின் துணையின்றி வீடு திரும்பியவர்கள் 76.4 விழுக்காட்டிலிருந்து 80.2 ஆனார்கள். ஐசியுவில் இருந்தவர்களுக்கோ பலனே இல்லை. ரத்தம் உறைவது மட்டுமே நோய் என்றால், மிக மோசமான நிலையில் இருந்தவர்களுக்குத்தான் ஹெபரின் அதிகம் உதவியிருக்க வேண்டும். அவர்களில் கூடுதலானோரைக் காப்பாற்றியது அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோன்: வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் 41.4இலிருந்து 29.3 விழுக்காடாகக் குறைந்தது. அந்த நோயாளிகள் ஸ்டீராய்டு பலிக்கும்வரை உயிரோடு இருந்தது, வேண்டாம் என்று வாட்ஸ்ஆப் சொன்ன அதே வென்டிலேட்டரில்.

ஆகவே கொரோனாவுக்கென்று வீட்டில் ஆஸ்பிரின் தொடங்கக் காரணம் ஏதுமில்லை. இதய நோய்க்காக ஏற்கெனவே எடுப்பவர் தொடரலாம். மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு ஹெபரினா, எவ்வளவு, எப்போது என்பதை ஆக்சிஜன் தேவையையும் ரத்தக்கசிவு அபாயத்தையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்கிறார்.