பிள்ளை தொடக்கூடாத வேலி எங்களுக்கு வேண்டாம்



நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். பெற்றார் வட்ஸ்அப் குழுவில் நான்கு நாளாக ஓடுகிற வொய்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல எங்களால் முடியாது. ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிற நாங்கள் சேர்ந்து ஒரே இடத்தில் எழுதிவிடுகிறோம்.

விடயம் சின்னது. ஹஜ்ஜுப் பெருநாள் கண்காட்சிக்கு ஓர் ஆட்டுப்பட்டி மாதிரி வைக்க வேண்டும். அதைச் சுற்றி ஒரு வேலி. இதற்குத் தலைக்கு 500 ரூபா சேர்த்து, டவுனில் மொடல் செய்து கொடுக்கிறவரிடம் வாங்கிவிடலாம் என்று கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். நாங்கள் மாட்டோம் என்றோம். உடனே "டீச்சர்மாருக்கு வேலை செய்யப் பஞ்சி" என்று ஒரு வொய்ஸ். "ஐஸ்பழக் குச்சி பொறுக்கவா புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புற?" என்று இன்னொன்று. இரண்டையும் கேட்டோம். இரண்டாவது வொய்ஸ் அனுப்பிய வாப்பாவுக்கு ஒரு தகவல்: உங்கள் மகன்தான் எங்கள் வகுப்பில் வேலி செய்வதில் முதல் ஆள்.

போன வருசம் என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டீர்களா? காசு கொடுத்து வாங்கித்தான் வைத்தோம். ரெஜிபோமில் செதுக்கிய மலை, ரெஜிபோமில் வெட்டிப் பச்சை பூசிய வேலி, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ஆடு. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. அதிதிகள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், பேஸ்புக்கில் போட்டார்கள். பிள்ளைகள்? வாங்குக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்று பார்த்தார்கள். தரம் இரண்டுப் பிள்ளை ஒன்று ஆட்டின் தலையைத் தடவ விரலை நீட்டியதும் "தொடாதே, உடைஞ்சிரும்" என்று கத்தியது வேறு யாருமில்லை, எங்களில் ஒருவர்தான். பிள்ளைகளின் கண்காட்சியில் பிள்ளையின் விரலைத் தட்டிவிட்டோம். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மூன்றாம் நாள் அத்தனையும் குப்பை. வைக்க இடமில்லை, மடிக்க முடியாது, கழுவ முடியாது. பின்சுவருக்குப் பக்கத்தில் போட்டு எரித்தார்கள். கரும்புகை வகுப்பறைக்குள் வந்தது. ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியை இந்த நாடு 2017 இல் தடை செய்தது. அதே வருசம் ஏப்ரலில் மீத்தொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியதில் முப்பது பேருக்கு மேல் மௌத்தானதற்குப் பிறகுதான் அரசாங்கத்துக்குப் புத்தி வந்தது. நமக்குக் கொழும்பு தூரம் என்றால், பள்ளக்காடு தூரமில்லையே? நம் ஊர்களின் குப்பை போகிற இடத்தில் யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்துக் கிடந்த படங்களை 2022 இல் உலகமே பார்த்தது. சாப்பாட்டுப் பெட்டிக்குக் கூடாதது பெருநாள் சோடனைக்கு மட்டும் எப்படிக் கூடும்?

அடுத்தது காசு. 500 ரூபா பெரிய காசா என்று கேட்கிறவர்கள், அது பெரிய காசாக இருக்கிற வீட்டுக்குள் ஒரு நாளும் போயிருக்க மாட்டார்கள். கடலுக்குப் போகிற வாப்பா, அடுத்த வீட்டில் அப்பம் சுட்டுக் கொடுக்கிற உம்மா, மூன்று பிள்ளைகளும் ஒரே பாடசாலையில். கணக்குப் பாருங்கள். காசு கொண்டுவராத பிள்ளைக்கு நாங்கள் ஒன்றும் சொல்லமாட்டோம். ஆனால் அந்தப் பிள்ளை தானாகவே அன்றைக்கு வராது. போன வருசம் கண்காட்சி நாளில் இடாப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இலவசக் கல்வி 1945 இல் வந்த நாடு இது. கட்டணம் என்று பெயர் வைக்காமல் 'பங்களிப்பு' என்று சொன்னால் அது இலவசமாகிவிடாது.

சரி, ஐஸ்பழக் குச்சியில் அப்படி என்ன படிப்பு இருக்கிறது? போன வருசம் மூன்றாம் தவணையில் தரம் ஐந்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்தோம். அதைக் கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் திட்டுகிறவர்கள் யாருமே அந்த வேலியைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

புத்தகக்கடையில் விற்கிற சாதாரணக் குச்சி 11.4 சென்ரிமீற்றர் நீளம், 1 சென்ரிமீற்றர் அகலம், 2 மில்லிமீற்றர் தடிப்பு. அளந்து கொப்பியில் எழுதச் சொன்னதே முதல் பாடம். முழுக்குச்சி இரண்டைக் கிடையாக வைத்து, அவற்றின் மேல் பாதியாக வெட்டிய குச்சி ஐந்தை நிறுத்தி ஒட்டினால் ஒரு தட்டு. ஐந்து குச்சிக்கும் இடைவெளி சமமாக வர வேண்டும். எவ்வளவு விட வேண்டும்? 11.4 இலிருந்து 5 ஐக் கழித்து 4 ஆல் வகுக்க 1.6. பரீட்சைத் தாளில் வந்தால் கண் பிதுங்குகிற கணக்கை இங்கே பிள்ளைகள் தாங்களாகவே கேட்டு வாங்கிச் செய்தார்கள். பிழைத்தால் கடைசிக் குச்சி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சிவப்புப் பேனை தேவைப்படவில்லை.

ஒரு தட்டுக்கு நாலரைக் குச்சி. எட்டுத் தட்டுக்கு 36. வெட்டும் வேலையை நாங்கள் செய்தோம், பிளேட்டைப் பிள்ளையின் கையில் கொடுக்கவில்லை. வெட்டிய முனையைச் சான்ட் பேப்பரில் தேய்த்தது அவர்கள்.

தட்டை எப்படித் தட்டோடு சேர்ப்பது? இங்கேதான் சண்டை தொடங்கியது. பிரிஸ்டல் போர்ட் துண்டை ஒட்டினார்கள். பத்துத் தரம் மடித்ததும் கிழிந்தது. ஒரு பிள்ளை வீட்டிலிருந்து மருதமுனைச் சாரனின் கரைத்துண்டு கொண்டுவந்தது. கரை என்பதால் நூல் பிரியவில்லை. பைண்டர் கம் பூசி ஒரு இரவு காயவிட்டால் பிணைச்சல் மாதிரியே வேலை செய்கிறது. ஆனால் எல்லாத் துண்டையும் முன்பக்கமே ஒட்டிவிட்டார்கள். வேலி பாய் மாதிரிச் சுருள்கிறது, அதுவும் பாதியில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. ஏன் என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்லிவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டிருப்பதுதான் ஆசிரியத் தொழிலில் கஷ்டமான வேலை. இரண்டு நாள் போனது. பிறகு ஒரு மகள் கண்டுபிடித்தாள்: முதல் மூட்டுக்கு முன்பக்கம் ஒட்டினால் அடுத்த மூட்டுக்குப் பின்பக்கம் ஒட்ட வேண்டும். துணி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் மடியும், மற்றப் பக்கம் குச்சியின் தடிப்பு தடுத்துவிடும். மாறி மாறி ஒட்டியதும் விசிறி மடிப்பது போல மடிந்தது. எட்டுத் தட்டும் சேர்ந்து மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடிய தடிப்பு. சவர்க்காரப் பெட்டி அளவு. விரித்தால் மூன்று அடி.

நேராக விரித்தால் நிற்காது, விழுந்துவிடும். கொஞ்சம் வளைத்து வளைத்து வைத்தால் நிற்கும். ஆனால் ஆட்டுப்பட்டிக்கு நாலு மூலை வேண்டுமே? ஒன்றுவிட்டு ஒன்று எதிர்ப்பக்கம் மடிகிற வேலியில் மூலை எப்படி வரும்? எங்களுக்கே அந்த இடத்தில் விடை தெரியவில்லை, உண்மையைச் சொல்கிறோம். பிள்ளைகள் நிலத்தில் படுத்துக்கொண்டு பார்த்தார்கள். மூட்டுகள் ஏழு. முன்பக்கம் ஒட்டியவை நாலு, பின்பக்கம் ஒட்டியவை மூன்று. முன்பக்கத்து நாலையும் மட்டும் மடித்தால் நாலு மூலை. பின்பக்கத்து மூன்றும் நேராகவே நின்று மூன்று பக்கங்களுக்கு நடுவில் வருகின்றன. நாலாவது பக்கத்தின் நடுவில் முதல் தட்டும் எட்டாவது தட்டும் வந்து சந்திக்கின்றன. அந்த இடத்தில் ஒட்டு இல்லை, நூலால் ஒரு கொளுக்கி மட்டும். "சேர், கடப்படி!" என்று கத்தினான் ஒருத்தன். ஆடு போய்வரக் கடப்படி தானாகவே கிடைத்துவிட்டது.

இதை 500 ரூபாவுக்கு டவுனில் விற்கிறார்களா?

"ஸ்கொலர்ஷிப் வருசத்தில் இது தேவையா" என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்விக்குக் கோபப்படாமல் பதில் எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. காலை ஆறு மணிக்கு ஒரு டியூஷன், பாடசாலை விட்டதும் இன்னொன்று, மஃரிபுக்குப் பிறகு மாதிரி வினாத்தாள். பத்து வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளையிடம் ஒரு மடிப்பைக் காட்டி 'இது எந்தப் பக்கம் திரும்பும்' என்று கேட்டால் கடந்தகால வினாத்தாள் தொகுப்பில் தேடுகிறது, கையால் மடித்துப் பார்ப்பதில்லை. ஃப்ரோபெல் என்ற ஜெர்மன் ஆசிரியர் 1837 இல் சிறு பிள்ளைகளுக்கான பாடசாலையைத் தொடங்கியபோது அவர்கள் கையில் கொடுத்தது மரக்கட்டையும் குச்சியும் மடிக்கக் கடதாசியும்தான். அது ஒன்றும் புதுக் கூத்தில்லை. நம் மூத்தம்மாமார் கிடுகு பின்னியும் பன்பாய் இழைத்தும் காட்டியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் படித்ததும் இதைத்தான்.

களிமண்ணில் ஆடு செய்தது மார்க்கத்துக்கு முரண் என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். மரியாதையோடு சொல்கிறோம். உருவங்கள் பற்றி உலமாக்களிடம் கருத்து வேறுபாடு இருப்பது எங்களுக்குத் தெரியும். ஆயிஷா நாயகி (ரழி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகள் வைத்து விளையாடிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. அவர்களிடம் சிறகு வைத்த குதிரைப் பொம்மை இருந்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. அதற்கு மேலும் மனம் ஒப்பாத வீட்டுப் பிள்ளைகள் ஆடு செய்யவில்லை. வேலியும் தண்ணீர்த் தொட்டியும் செய்தார்கள். யாரையும் நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் போன வருசம் கடையில் வாங்கி வைத்த பிளாஸ்டிக் ஆட்டுக்கு ஏன் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை? பிள்ளை கையால் செய்தால்தான் உருவமா?

இனி மிகப் பெரிய குற்றச்சாட்டு. டிசம்பரில் அயல் ஊர்ப் பாடசாலையில் ஒளிவிழாவுக்குப் பாலன் குடில் வைத்தார்கள். அங்கே படிப்பிக்கிற டீச்சர் ஒருவர் கேட்டார், இரண்டு வேலி கொடுத்தோம். குடிலுக்கு முன்னால் ஆட்டுக்குட்டிகளைச் சுற்றி வைத்திருந்தார்கள். ஜனவரியில் பொங்கலுக்குப் பட்டிக்காளை வைக்கவும் அதையே பாவித்தார்கள். இதற்கு "நம்மட புள்ளைகள் செஞ்ச வேலி குடிலுக்குப் போகலாமா" என்று வொய்ஸ். குச்சிக்கு என்ன மார்க்கம்? அவர்களின் வணக்கத்தில் நம் பிள்ளை போய் நிற்கவில்லை. ஒரு விளையாட்டுச் சாமானை அயலானுக்கு இரவல் கொடுத்தோம், அவ்வளவுதான். அற்பமான பொருளைக்கூட இரவல் கொடுக்காமல் தடுத்துக்கொள்கிறவர்களைப் பற்றி எந்தச் சூராவில் வருகிறது என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பாடம். 2019 க்குப் பிறகு நமக்கும் அவர்களுக்கும் நடுவில் எத்தனை வேலி எழும்பியது என்று எல்லோரும் மேடையில் கவலைப்படுகிறோம். மடித்துப் பெட்டிக்குள் போடக்கூடிய வேலி ஒன்றைப் பிள்ளைகள் செய்து கொடுத்தால் அதற்கும் முகம் சுளிக்கிறோம்.

வேலி இரண்டும் பத்திரமாகத் திரும்பி வந்தன. ஒன்றில் ஒரு மூட்டு கழன்றிருக்க வேண்டும். அங்குள்ள பிள்ளைகள் மஞ்சள் துணி வைத்து ஒட்டி அனுப்பியிருந்தார்கள். பின்பக்கம் ஒட்ட வேண்டியதைச் சரியாகப் பின்பக்கமே ஒட்டியிருந்தார்கள். எங்கள் வகுப்பில் அதைத்தான் முதலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்லத்தான் வேண்டும். ஒப்படை என்று கொடுத்துவிட்டு, உம்மாவும் ராத்தாவும் இரவு முழுக்க விழித்திருந்து செய்தனுப்பியதற்குக் கண்ணை மூடிக்கொண்டு கூடிய புள்ளி போட்டவர்கள் நாங்கள்தான். கோணலாகத் தானே செய்து கொண்டுவந்த பிள்ளைக்குக் குறைத்துப் போட்டவர்களும் நாங்கள்தான். கடையில் வாங்கும் பழக்கத்தை உங்களுக்குப் பழக்கியதே எங்கள் புள்ளிதான். அதனால் இந்த வருசம் கண்காட்சிக்குப் புள்ளி இல்லை, முதலாமிடம் இரண்டாமிடம் இல்லை. அதிபரிடம் சொல்லிவிட்டோம்.

கோணல் வேலிதான் மேசையில் இருக்கும். பார்க்க வருகிறவர்கள் தொடலாம், மடிக்கலாம், விரிக்கலாம். உடைந்தால் பக்கத்திலேயே கம் போத்தல் இருக்கும், செய்த பிள்ளையும் இருக்கும். ஒரு கவனம் மட்டும்: கைக்குழந்தையோடு வருகிற உம்மாமார், கழன்ற குச்சித் துண்டு எதையும் குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி, ஆணி எதுவும் பாவிக்கவில்லை.

காசு யாரும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியவர்கள் திங்கட்கிழமை வகுப்பாசிரியரிடம் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய சாரன் இருந்தால் கரையை மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, கழுவிக் காயவைத்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். குச்சி போதுமான அளவு இருக்கிறது.