கறுத்த பாகு தாழ்ந்த பாகா?

கனடாவின் கியூபெக் மாநிலத்திலும் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலும் குளிர்காலம் முடியும் தறுவாயில் மேப்பிள் மரங்களில் துளையிட்டுச் சாறு வடிக்கிறார்கள். அச்சாற்றில் ஏறத்தாழ 2 சதவீதமே சர்க்கரை. சுமார் 40 லிட்டர் சாற்றைச் சுண்டக் காய்ச்சினால்தான் 1 லிட்டர் பாகு கிடைக்கும். நீரின் கொதிநிலையைவிட ஏறத்தாழ 4 டிகிரி சென்டிகிரேடு கூடுதலான வெப்பநிலையில் கொதிக்கும்போது பாகு பதத்துக்கு வந்துவிட்டது என அறிகிறார்கள்.

இத்தனை உழைப்பில் விளையும் பாகை அமெரிக்காவில் நெடுங்காலம் நிறத்தை வைத்தே தரம் பிரித்தார்கள். வெளிறிய பாகுக்கு ‘ஏ’ தரம். மிகக் கறுத்த பாகுக்கு ‘பி’ தரம். வெள்ளைச் சர்க்கரையைப்போல் இருப்பதே உயர்வு என்று எண்ணிய காலத்தின் எச்சம் அது. இது அறிவியலுக்கும் பொருந்தவில்லை, அடுப்படிக்கும் பொருந்தவில்லை என்பதே என் கருத்து.

பாகு ஏன் கறுக்கிறது? அழுக்கினாலா? இல்லை. பருவத்தின் தொடக்கத்தில் வடியும் சாற்றில் உள்ள சர்க்கரை பெரும்பாலும் சுக்ரோஸ். நாட்கள் செல்லச்செல்ல வெப்பம் கூடுகிறது. சாற்றில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவை சுக்ரோஸின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிக்கின்றன. இவ்விரண்டும் காய்ச்சும்போது சாற்றிலுள்ள அமினோ அமிலங்களோடு வினைபுரிகின்றன. பழுப்பு நிறமும் செறிந்த மணமும் சேர்ந்தே பிறக்கின்றன. 1912இல் பிரெஞ்சு வேதியியலார் லூயி மெயார் விளக்கிய வினை இது. ரொட்டியின் மேற்புறம் சிவந்து மணப்பதும் இதனால்தான். ஆகவே, பாகின் கறுப்பு குறையன்று. சுவை ஏறியிருப்பதன் அடையாளம்.

மேப்பிள் பாகின் மணம் எப்படிப்பட்டது என்று கேட்கிறீர்களா? அதிலுள்ள மணப்பொருள்களுள் ஒன்றான சோட்டோலோன், நம் வீட்டு வெந்தயத்திலும் உள்ளது!

இனி உணவகச் சமையலறைக்கு வருவோம். தொழில்முறைச் சமையற்காரர் இப்பாகை வாங்குவது இனிப்புக்காக மட்டுமன்று. அதற்கு மலிவான சர்க்கரையே போதும். அவருக்கு வேண்டியது மணம். உப்பிட்ட பன்றியிறைச்சியோடு அடுப்பில் மணிக்கணக்கில் வேகும் பீன்ஸிலும், கடுகு விழுது கலந்து சால்மன் மீனின்மேல் பூசும் கலவையிலும் வெளிறிய பாகின் மென்மணம் அடங்கிப்போகும். கறுத்த பாகோ உப்பையும் கடுகையும் எதிர்த்து நிற்கும். ஐஸ்கிரீமின்மேல் ஊற்றுவதானால் வெளிறிய பாகே ஏற்றது, அதை மறுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம் உண்டு.

எப்பாகானாலும் அளவும் நேரமும் தவறக்கூடாது. பாகில் மூன்றில் ஒரு பங்கு நீர். கேக்கில் சர்க்கரைக்குப் பதிலாக இதைச் சேர்ப்பவர், பாலையோ நீரையோ அதற்கேற்பக் குறைக்க வேண்டும். கடும் சூட்டில் சுடும் இறைச்சியின்மேல் முதலிலேயே பூசினால் சர்க்கரை கருகிக் கசக்கும். இறுதியில் பூசுவதே முறை.

நல்ல வேளையாகப் பழைய பெயர் மாறிவிட்டது. 2014இல் கனடாவும் 2015இல் அமெரிக்க மத்திய அரசும் புதிய முறையை ஏற்றன. கடைக்கு வரும் நல்ல பாகு அனைத்தும் ‘ஏ’ தரமே. பொன்னிறம், அம்பர் நிறம், கருநிறம், மிகு கருநிறம் என்று நான்கு வகைகள். மென்சுவை, வன்சுவை என்று சுவைக் குறிப்பும் உடன் உண்டு. பாகின் ஊடே ஒளி எவ்வளவு செல்கிறது என்று அளந்து வகை பிரிக்கிறார்கள். 75 சதவீதமும் அதற்கு மேலும் சென்றால் பொன்னிறம். 25 சதவீதத்துக்கும் குறைந்தால் மிகு கருநிறம். அளவுகோல் இன்றும் நிறமே. ஆனால் அது உயர்வு தாழ்வு சொல்வதில்லை. என்ன சுவை என்று சொல்கிறது.

நிறத்தை அளப்பது அறிவியல். அளந்த கையோடு ‘தாழ்ந்தது’ என்று முத்திரை குத்துவது அறிவியலன்று; வெறும் பழக்கம். எந்தப் பொருளின் மீதும் ‘இரண்டாந்தரம்’ என்ற சொல்லைக் கண்டால், எதற்கு இரண்டாந்தரம் என்று கேளுங்கள்.