பார்ப்பவரே இலக்கு

வான் சண்டையில் வென்றால் விமானிக்குப் பதக்கம், பத்திரிகையில் படம். இருட்டறையில் திரையைப் பார்த்தபடி அவருக்கு வழி சொன்னவரின் பெயரைப் பலரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1965 செப்டம்பர் 3. பதான்கோட்டிலிருந்து கிளம்பிய இந்திய மிஸ்டீர் விமானங்கள் வேண்டுமென்றே உயரப் பறந்தன. பாகிஸ்தான் ரேடாரின் கண்ணில் பட வேண்டும் என்பதுதான் திட்டம். தரையை ஒட்டி, யாருக்கும் தெரியாமல் வந்தன சின்னஞ்சிறு நாட் விமானங்கள். தூண்டிலைக் கவ்வ சேபர்கள் வந்து சேர்ந்தன. ஒன்றைச் சுட்ட ட்ரெவர் கீலர் வீர் சக்கரம் பெற்றார். (அந்த சேபர் தளம் திரும்பிவிட்டது என்கிறது பாகிஸ்தான்.) அன்று அவர்களுக்கு வழிகாட்டியது அமிர்தசரஸிலிருந்த 230-வது சிக்னல் யூனிட். வயர்லெஸ்ஸில் அதன் சங்கேதப் பெயர் ‘ஃபிஷ் ஆயில்’, அதாவது மீன் எண்ணெய். தலைமை அதிகாரி விங் கமாண்டர் தண்டபாணி.

இத்தகைய யூனிட்டுக்கு வேலை இரண்டு. வருவது யார் என்று பார்க்க வேண்டும். நம் விமானத்தை அவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பெரிய தடை பூமியின் வளைவு. 100 மீட்டர் உயரத்தில் வரும் விமானம் சுமார் 40 கிலோமீட்டருக்குள் நெருங்கினால்தான் தரையிலுள்ள ரேடாருக்குத் தெரியும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றால் கிடைப்பது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அமிர்தசரஸிலிருந்து எல்லையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான்; டெல்லி புசா ரோட்டிலிருந்து குர்காவ்ன் போகிற தூரம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ரேடார் பார்க்க வேண்டுமானால் அலைகளை வீச வேண்டும். வீசினால் அது இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். அமிர்தசரஸ் ரேடாரைக் குருடாக்க பாகிஸ்தான் திரும்பத் திரும்ப முயன்றது. செப்டம்பர் 11 தாக்குதலில் ஸ்குவாட்ரன் லீடர் முனிருத்தீன் அகமது விமான எதிர்ப்பு பீரங்கிக்கு பலியானார். இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. செப்டம்பர் 21-ல் கான்பெரா விமானங்கள் சிந்து மாகாணத்தின் பதீன் ரேடாரைத் தாக்கின.

1971-லும் அதே கதைதான். டிசம்பர் 3 மாலை, போர் தொடங்கிய கையோடு அமிர்தசரஸ் ரேடார் மீது ஸ்டார்ஃபைட்டர்கள் பாய்ந்தன. டிசம்பர் 5-ல் அந்த ரேடாரைத் தேடி வந்த ஸ்குவாட்ரன் லீடர் அம்ஜத் உசேன் சுட்டு வீழ்த்தப்பட்டு, கைதியானார்.

இன்று ரேடார்கள் ஒரே வலைப்பின்னலில் இணைந்துவிட்டன. ஒரு கண் போனாலும் மற்றவை பார்க்கும். ஆனால் குறி மாறவில்லை. 2025 மே 8-ல் பாகிஸ்தானின் வான் பாதுகாப்பு ரேடார்களைத் தாக்கியதாக இந்தியா அறிவித்தது. விமானி அடித்துவிட்டுப் பறந்துவிடலாம். திரை முன் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. தன்னை நோக்கி வரும் புள்ளியையும் கடைசிவரை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.